காவல் என்னும் சொல்

2025ஆம் ஆண்டு ஜூன் மாதத் தொடக்கத்தில் ஒரு மாலை, பள்ளி விட்ட பின்னர், எங்கள் தோட்டத்து அன்பர் ஒருவர் என்னைக் காண வந்தார். செம்பனைக் குலை வெட்டும் தொழிலாளி. அவருடைய மூத்த மகள் எங்கள் பள்ளியில் ஆறாண்டு பயின்றவள்; எஸ்.டி.பி.எம். தேர்வு எழுதிவிட்டுப் பல்கலைக்கழக இடத்திற்குக் காத்திருந்தாள். சென்னை அண்ணா பல்கலைக்கழக வழக்கில் தீர்ப்பு வந்திருந்த நேரம் அது. செய்தியைக் கைப்பேசியில் படித்துவிட்டு வந்திருந்தார். “தண்டனை குடுத்திட்டாங்க, நல்லதுதான் ஐயா. ஆனா அந்தப் பிள்ளை ராத்திரி நேரத்தில அங்க ஏன் போச்சு?” என்றார். சிறிது நேரம் பேசாதிருந்து, “நம்ம பிள்ளைய அனுப்பலாமா?” என்றார்.

இரண்டாம் வினாவுக்கு அன்றே விடை கூறினேன். அனுப்பத்தான் வேண்டும் என்றேன். முதல் வினாவுக்கு வாய் திறக்கவில்லை. அது எங்கேயோ படித்த வினாவாகத் தோன்றிற்று. வீட்டிற்கு வந்து மணிமேகலையை எடுத்துச் சிறைசெய் காதையை மீண்டும் படித்தேன். அதன் விளைவே இக்கட்டுரை.

வழக்கை முதலில் சுருங்கச் சொல்லிவிடுகிறேன். சென்னைக் கிண்டியிலுள்ள அண்ணா பல்கலைக்கழக வளாகம் பழம்பெருமை உடையது. 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய பொறியியற் கல்லூரி அங்கேதான் இருக்கிறது. மதில் உண்டு, வாயில் உண்டு, காவலாளரும் உண்டு. 2024 டிசம்பர் 23ஆம் நாள் இரவு, அவ்வளாகத்திற்குள் நண்பர் ஒருவரோடு இருந்த மாணவியை வெளியாள் ஒருவன் மிரட்டிப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கினான். வளாகத்திற்கு அருகில் சாலையோரத்தில் பிரியாணி விற்பவன். முன்பே வழக்குகள் உள்ளவன். அவன் பெயரை எழுத எனக்கு விருப்பமில்லை. மாணவி ஒடுங்கிப் போகவில்லை. கோட்டூர்புரம் அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் முறையிட்டார். 25ஆம் நாள் அவன் பிடிபட்டான். 2025 மே 28ஆம் நாள் சென்னை மகளிர் நீதிமன்றம் அவன்மீதான 11 குற்றச்சாட்டுகளும் மெய்ப்பிக்கப்பட்டன என்றது. ஜூன் 2ஆம் நாள் ஆயுள் தண்டனை விதித்தது. 30 ஆண்டுக்குக் குறையாமல், எவ்விதத் தண்டனைக் குறைப்பும் இன்றி, அவன் சிறையில் இருத்தல் வேண்டும். 90,000 ரூபாய் அபராதமும் உண்டு. குற்றம் நிகழ்ந்த நாளிலிருந்து 161ஆம் நாள் தண்டனை. இந்திய நீதிமன்றங்களின் நடையை அறிந்தோர் இதனை விரைவு என்றே கொள்வர்.

ஆனால் அதற்கு முன்பே மற்றொரு தீங்கு நடந்துவிட்டது. மாணவியின் முறையீட்டைப் பதிவு செய்த முதல் தகவல் அறிக்கை, அவர் இன்னார் என்று காட்டும் விவரங்களோடு வெளியே கசிந்தது. கை மாறிக் கை மாறிக் கடல் கடந்து வந்தது. ஆசிரியர்கள் உள்ள குழு ஒன்றின் வழியாக என் கைப்பேசிக்கும் வந்தது. திறக்காமல் அழித்தேன். திறனாய்வு செய்பவன் மூலத்தைப் படித்த பின்னரே பேசவேண்டும் என்பது விதி. இந்த ஒரு மூலத்தைப் படிக்காமலிருப்பதே முறை என்று கருதினேன். படிக்க வேண்டியவர்கள் படித்தார்கள். சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டு, 2024 டிசம்பர் 28ஆம் நாள், பெண் காவல் அதிகாரிகள் மூவர் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. மாணவிக்கு 25 இலட்சம் ரூபாய் இடைக்கால நிவாரணம் வழங்க அரசுக்கு ஆணையிட்டது. அவரிடம் படிப்புக் கட்டணம் பெறலாகாது என்றும் கூறியது. இவற்றோடு நீதிபதிகள் செய்த மற்றொன்றுதான் தமிழாசிரியர்களாகிய நம் கருத்துக்கு உரியது. அறிக்கையின் நடையையே அவர்கள் கண்டித்தனர். அது எழுதப்பட்ட முறை, துன்புற்றவர் மீதே பழி விழும்படி இருக்கிறது என்றனர். ஒரு பெண் இன்ன நேரத்தில் இன்ன இடத்திற்குப் போகக்கூடாது, ஆடவரோடு பேசக்கூடாது என்று சொல்லும் உரிமை எவருக்கும் இல்லை என்ற கருத்தும் அம்மன்றத்தில் எடுத்துரைக்கப்பட்டது. நிகழ்ச்சி ஒன்றாகவே இருக்க, அதனைச் சொல்லும் சொற்றொடரின் அமைப்பே குற்றத்தை இடம் மாற்றிவிடும் என்பதை நீதிமன்றம் கண்டது. இலக்கணம் கற்பிக்கும் நாம் அதனைக் காணத் தவறுகிறோமோ என்பதே என் ஐயம்.

இனிக் காப்பியத்திற்கு வருவோம்.

சிறைசெய் காதை தொடங்கும்போது இளவரசன் உதயகுமரன் வெட்டுண்டு கிடக்கிறான். மணிமேகலை துறவு பூண்ட பின்னரும் விடாமல் தொடர்ந்து வந்தவன் அவன். அவள் காயசண்டிகையின் வடிவத்தில் இருந்தமையால், காயசண்டிகையின் கணவனாகிய காஞ்சனன் தவறாக உணர்ந்து அவனை வாளால் வீழ்த்தினான். இச்செய்தியை அரசனுக்கு உரைக்கச் சக்கரவாளக் கோட்டத்து மாதவர் செல்கின்றனர். மகன் இறந்தான் என்று தந்தையிடம் நேரே சொல்லாமல், இந்நகரில் முன்பும் இத்தகையன நடந்ததுண்டு என்று இரண்டு கதைகளைக் கூறுகின்றனர்.

முதற்கதை மருதியினுடையது. அவள் ஒரு பார்ப்பனி. காவிரியில் நீராடித் தனியே திரும்புகிறாள். அந்நாளில் புகாரை ஆண்ட ககந்தனின் மகன் அவளைக் கண்டு தன்னிடம் வருமாறு அழைக்கிறான். மருதி நடுங்குகிறாள். பிறன் நெஞ்சில் புகுந்துவிட்டேனே, இனி வேள்வித் தீயைப் பேணும் தகுதி எனக்கு ஏது என்று எண்ணுகிறாள். வீட்டிற்குச் செல்லவில்லை, நாற்சந்தியில் நிற்கும் சதுக்கப்பூதத்திடம் செல்கிறாள். கணவனுக்கு ஒரு குற்றமும் செய்தறியேன், எனக்கு ஏன் இது நேர்ந்தது, தீயோரைப் பாசத்தால் கட்டிக் கொல்வாய் என்கிறார்களே, அது பொய்தானா என்று கதறுகிறாள்.

பூதத்தின் விடையில் இரண்டு பகுதிகள் உள்ளன. முதற்பகுதி நாம் அனைவரும் அறிந்தது. நீ கதையும் நொடியும் கேட்பதில் விருப்பமுடையவள், விழாக் காண்பவள், பிற தெய்வங்களைத் தொழுபவள், பொய்யில் புலவனாகிய வள்ளுவனின் வாக்கை நீ உணரவில்லை, ஆதலால் உன் சொல்லுக்கு மழை பெய்யாது, பிறர் நெஞ்சைச் சுடும் ஆற்றலும் உனக்கு இல்லை என்கிறது. இரண்டாம் பகுதி வேறு. என் பாசம் உன்னைக் கட்டாது. தண்டிக்க வேண்டிய முறை முதலில் அரசனுடையது. அதற்கு ஏழு நாள் உண்டு. அவன் தவறினால்தான் என் முறை. ககந்தன் இதனைக் கேட்டால் தன் மகனைத் தானே வாளால் ஒறுப்பான் என்கிறது. அவ்வாறே நடந்தது.

முதற்பகுதியை நாம் எதற்குப் பயன்படுத்தி வந்திருக்கிறோம்? திருக்குறளின் காலத்தைக் கணிக்க. மணிமேகலை வள்ளுவரைச் சுட்டுகிறது, ஆதலால் குறள் மணிமேகலைக்கு முற்பட்டது என்று காட்டுவதற்கு இதனினும் தெளிவான சான்று இல்லை. உ. வே. சாமிநாதையர் 1898இல் இக்காப்பியத்தைப் பதிப்பித்த பின்னர், கால ஆராய்ச்சி செய்தோர் பலர் இவ்விடத்தை எடுத்துக் காட்டினர். நானும் பயிற்சிக் கல்லூரியில் அவ்வாறே கற்றேன். இளம் ஆசிரியர்களுக்கு அவ்வாறே சொல்லியும் கொடுத்தேன். நடுத்தெருவில் நின்று ஒரு பெண் அழுகிறாள். நாம் அவளிடம் ஆண்டுக் கணக்குக் கேட்டுக் குறித்துக்கொண்டோம். கால ஆராய்ச்சி வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அது முடிந்த பிறகேனும் அவள் என்ன கேட்டாள் என்று பார்த்திருக்கலாம்.

கால ஆராய்ச்சிக்கு அடுத்தபடியாக இவ்விடம் பயன்பட்டது மாணவியருக்குக் கற்பைப் போதிப்பதற்கு. இங்கேதான் தொல்காப்பியர் துணை வேண்டும். செய்யுளியலில் செய்யுளின் உறுப்புகளை எண்ணுமிடத்தில் கூற்று, கேட்போர், களன், காலம் என்பவற்றையும் அவர் சேர்த்தார். யார் சொன்னது என்பதோடு யாரிடம் சொன்னது என்பதும் பொருளைத் தீர்மானிக்கும். மருதியின் கதையை யார் யாரிடம் சொல்கிறார்கள்? துறவியர் அரசனிடம் சொல்கிறார்கள். அரசன் செவிக்கு அதில் உறைக்க வேண்டியது எது? அவள் கதை கேட்டாள், விழாக் கண்டாள் என்பதா? உன் குடிப்பெண் ஒருத்தி துறையிலிருந்து அஞ்சாமல் வீடு திரும்ப முடியவில்லை, உன் மகனே ஆயினும் ஏழு நாளுக்குள் முறை செய்யவேண்டியவன் நீ என்பதுதானே? அதே கதையை நாம் வகுப்பில் பதினேழு வயதுப் பெண்களிடம் சொல்லும்போது கேட்போர் மாறிவிடுகின்றனர். அரசனுக்குக் கூறிய குற்றச்சாட்டு பெண்ணுக்குக் கூறும் அறிவுரையாகிவிடுகிறது. சாத்தனார் செய்த பிழை அன்று இது, நாம் செய்தது.

பூதத்தின் முதற்பகுதி விடையைச் சாத்தனாரின் கருத்தென்றே கொள்வோரும் உளர். அக்காலத்து நம்பிக்கை அது என்ற அளவில் நானும் ஒப்புகிறேன். ஆயினும் ஒன்றை நோக்குக. சிலப்பதிகாரத்து இந்திரவிழவூரெடுத்த காதையில் இப்பூதம் யார் யாரைக் கட்டும் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் போலித் துறவியரும், மறைவில் ஒழுக்கம் தவறும் மகளிரும், வஞ்சக அமைச்சரும், பிறன்மனை விரும்புவோரும், பொய்ச்சாட்சி சொல்வோரும், புறங்கூறுவோரும் உள்ளனர். துறையில் நீராடிவிட்டுத் தனியே நடந்தவள் இதில் இல்லை. முதல் தகவல் அறிக்கையைக் கைப்பேசியில் அனுப்பி மகிழ்ந்தவர்களுக்கோ பட்டியலின் கடைசியில் இடம் இருக்கிறது.

(மருதி நீராடிய அப்பட்டினத்துத் துறைமுகத்திற்கு நம் நாட்டுப் பொருளும் வந்திறங்கியது. பட்டினப்பாலை கூறும் காழகம் என்பதற்குக் கடாரம் என்று நச்சினார்க்கினியர் உரை வகுத்தார். பூஜாங் பள்ளத்தாக்கிற்கு மாணவரை அழைத்துச் செல்லும்போது இதனைச் சொல்லத் தவறுவதில்லை. புகாரின் செல்வத்தைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். புகாரின் தெருவில் பெண் நடந்ததைப் பற்றி இதுவரை சொன்னதில்லை.)

இரண்டாம் கதை விசாகையினுடையது. அவளும் அவள் அத்தை மகன் முறையினனாகிய தருமதத்தனும் பழகியதைக் கண்டு ஊர் பழி தூற்றியது. தெய்வமே ஊரறிய அவள் குற்றமற்றவள் என்று கூறிற்று. கூறிய பின்னும் கன்னிமாடம் புகுந்தவள் அவள்தான். தூற்றியவர்கள் தத்தம் வீடுகளில் இருந்தனர். பின்னர் அவள்மீது மாலையிட முயன்ற ககந்தனின் மற்றொரு மகனும் தந்தையின் வாளுக்கு இரையானான்.

இரண்டு கதைகளையும் கேட்ட அரசன் என்ன செய்தான்? மகன் இறந்த செய்தியையும் அறிந்தான். அறம் தெரிந்தவன்தான், நான் செய்யவேண்டிய தண்டனையை அவ்விஞ்சையன் செய்துவிட்டான் என்கிறான். அவ்வளவில் நின்றிருந்தால் ககந்தனுக்கு ஒப்பாவான். அடுத்த மூச்சில் சோழிய ஏனாதியை நோக்கி, பிற மன்னர் அறியுமுன் உடலை எரியூட்டுக என்கிறான். மாதவியின் மகளைக் காவலில் வைக்கவும் ஆணையிடுகிறான். தொடர்ந்தவன் இறந்தான், கொன்றவன் போய்விட்டான். எஞ்சியிருப்பவள் துரத்தப்பட்டவள் ஒருத்திதான், ஆகவே அவளைப் பிடித்து வை. காதையின் பெயரே அதனால் வந்தது. காத்தல் என்று தொடங்கிய செயல் சிறை என்ற பெயரில் முடிகிறது.

தமிழில் காவல் என்னும் சொல்லுக்கு இவ்விரு பொருளும் உண்டு. அரசன் காவலன், ஆபத்தில் ஓடி நுழையும் இடம் காவல் நிலையம், குற்றவாளி வைக்கப்படுவது நீதிமன்றக் காவல், நம் நாட்டுச் செய்தித்தாள்களில் தடுப்புக் காவல். அஞ்சியவளுக்கும் அஞ்ச வைத்தவனுக்கும் ஒரே சொல். சொல் இரண்டு பொருள் தருவதில் தவறில்லை. முதற்பொருளைச் சொல்லி இரண்டாம் பொருளைச் செய்வதில்தான் தவறு. அடுத்த காதையில் இது இன்னும் வெளிப்படை. இராசமாதேவி மணிமேகலையைச் சிறையிலிருந்து விடுவித்துத் தன் பொறுப்பில் வைத்துக்கொள்கிறாள். பித்தேற்றும் மருந்து கொடுத்ததும், ஓர் இளைஞனை ஏவி அவளுக்குப் பழி உண்டாக்க முயன்றதும், புழுக்கறையில் அடைத்ததும் அக்காவலில்தான். காப்பியத்தில் மணிமேகலை மிகுந்த கொடுமைக்கு உள்ளானது திறந்த தெருவில் அன்று, பூட்டிய அரண்மனையில்.

திருக்குறளை நன்கறிந்த வாசகர் இந்நேரம் வாழ்க்கைத் துணைநலம் என்னும் அதிகாரத்தை நினைத்திருப்பர். சிறையால் காக்கும் காப்பு என்ன பயன் தரும் என்று வள்ளுவர் வினவுகிறார். சிறை என்பதற்கு மதிலும் வாயிற்காவலும் முதலியன என்று பரிமேலழகர் உரை கூறுவார். மதிலால் பயனில்லை என்பது இன்றும் உண்மை. ஆனால் மதிலுக்கு மாற்றாக அவ்விடத்தில் சொல்லப்படுவது பெண்ணின் நிறை. அதாவது காக்கும் பொறுப்பு மீண்டும் அவளிடமே வருகிறது. இல்லறத்தைப் பேசும் இடத்தில் அது பொருந்தும் என்று கொண்டாலும், பல்கலைக்கழக வளாகத்திற்கு அதனைக் கொண்டுவந்து பொருத்துவது பொருந்தாது. அங்கே வேண்டிய அதிகாரம் செங்கோன்மை.

இது பழங்கதை அன்று என்பதற்குச் சான்றுகள் நிறைய. 2017 செப்டம்பரில் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில், மாலையில் விடுதிக்குத் திரும்பிய மாணவியிடம் வளாகத்திற்குள்ளேயே தவறாக நடந்துகொண்டனர். முறையிட்டபோது, இந்நேரத்தில் ஏன் வெளியே போனாய் என்று கேட்டார்கள் என மாணவியர் கூறிப் போராடினர். போராடியவர்கள் தடியடியும் பட்டனர். 2024 ஆகஸ்டு 9ஆம் நாள் கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவக் கல்லூரியில் பணியிலிருந்த பயிற்சி மருத்துவர் ஒருவர் வன்கொடுமை செய்யப்பட்டுக் கொல்லப்பட்டார். அவர் சென்றது எங்கேயும் இல்லை. தம் கல்லூரிக் கருத்தரங்க அறையில் ஓய்வெடுத்துக்கொண்டிருந்தார். அதன்பின் மேற்கு வங்க அரசு வகுத்த ஏற்பாடுகளில் ஒன்று, பெண்களுக்கு இயன்றவரை இரவுப்பணியைத் தவிர்ப்பது. இரவில் வேலை செய்யாதே என்று பெண்களிடம் சொல்ல முடியாது, பாதுகாப்புத் தருவதே அரசின் கடமை என்று அந்த ஆண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் திருத்த வேண்டியதாயிற்று. மருதிக்கும் அந்த மருத்துவருக்கும் இடையே ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்குக் குறையாது. அரசின் முதல் எண்ணம் மட்டும் மாறவில்லை.

மாறியதும் உண்டு. 1997இல் இந்திய உச்ச நீதிமன்றம், பணியிடத்தில் பாலியல் தொல்லையைத் தடுக்கும் பொறுப்பு நிறுவனத்தைச் சார்ந்தது என்று தீர்ப்பளித்தது. 2013இல் அதுவே சட்டமாயிற்று. 2015இல் பல்கலைக்கழக மானியக் குழு ஒவ்வோர் உயர்கல்வி நிறுவனத்திலும் முறையீட்டுக் குழு இருக்கவேண்டும் என விதித்தது. அத்தீர்ப்பின் பெயர் விசாகா தீர்ப்பு. வழக்குத் தொடுத்த அமைப்பின் பெயர் அது. சாத்தனாரின் விசாகைக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆயினும் தமிழாசிரியன் அதனைப் படிக்கும்போது சற்று நின்றுவிடுகிறான். நம் மலேசியாவிலும் 2022இல் பாலியல் தொல்லை எதிர்ப்புச் சட்டம் இயற்றப்பட்டது. வழக்கறிஞர் இன்றியே முறையிடத்தக்க நடுவர் மன்றம் அதன் வழி அமைந்தது. இதனை நம் தோட்டத்துப் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவர்? பல்கலைக்கழகத்திற்குப் புறப்படும் மாணவிக்கு நாம் திருக்குறள் நூலைப் பரிசளிக்கிறோம். நல்லது. இச்சட்டத்தை விளக்கும் ஒரு தாளையும் உள்ளே வைக்கலாம்.

மதிலுக்குள் இருப்போரே தீங்கு செய்யும்போது மதில் என்ன செய்யும்? ஆண்பிள்ளைகளைப் பெற்றவர்கள் இக்கட்டுரை தமக்கன்று என்று எண்ணியிருக்கலாம். 1996 நவம்பர் 6ஆம் நாள் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியின் முதலாண்டு மாணவர் பொன். நாவரசு, மூத்த மாணவர் ஒருவரால் விடுதியிலேயே கொலை செய்யப்பட்டார். கொன்றவருக்கு விதிக்கப்பட்ட தண்டனையை 2001இல் உயர் நீதிமன்றம் நீக்கியது. 2011இல்தான் உச்ச நீதிமன்றம் மீண்டும் உறுதி செய்தது. பதினான்கு ஆண்டுகளுக்கு மேல். பூதத்தின் ஏழு நாள் கணக்கை இங்கே நினைக்காமலிருக்க முடியவில்லை. நம் நாட்டில் 2017இல் தேசியத் தற்காப்புப் பல்கலைக்கழக விடுதியில், மடிக்கணினி ஒன்றைத் திருடினார் என்ற பழியைச் சுமத்தி, 21 வயதுக் கடற்படைப் பயிற்சி மாணவர் ஒருவரை உடன் பயின்றோரே நீராவி இஸ்திரிப் பெட்டியால் சுட்டனர், அவர் இறந்தார். 2025 பிப்ரவரியில் கூட்டரசு நீதிமன்றம் அறுவருக்கு 18 ஆண்டுச் சிறையை முடிவாக்கியது. வாயிலில் சீருடைக் காவல் நிற்கும் இடம் அது.

இக்கொடுமைக்கு நாம் வழங்கும் பெயரையும் ஆராய வேண்டும். இலங்கைத் தமிழர் பகிடிவதை என்பர்; நாம் பகடிவதை என்கிறோம். பகடி என்பது கேலி, வதை என்பது துன்புறுத்தல். தொடங்குவோன் முதற்சொல்லைச் சொல்கிறான், அனுபவிப்பவன் இரண்டாம் சொல்லைச் சொல்கிறான். இரண்டையும் சேர்த்து ஒரே சொல்லாக்கிய தமிழர் உண்மையைச் சொல்லிவிட்டனர். இத்தகைய நற்பேறு எல்லாச் சொற்களுக்கும் வாய்க்கவில்லை. 1998இல் சென்னையில் கல்லூரி மாணவி ஒருவர் இளைஞர் கூட்டத்தின் தொல்லையால் உயிரிழந்த பின், தமிழ்நாட்டில் ‘ஈவ் டீசிங்’ தடைச் சட்டம் என்றே ஒரு சட்டம் வந்தது. ஓர் உயிர் போன செயலுக்குச் சீண்டல் என்று பெயர்! 2002இல் அப்பெயரைப் பெண்கள் துன்புறுத்தல் தடை என்று மாற்றினர். கற்பழிப்பு என்னும் சொல்லோ இன்னும் மோசம். செய்தவனிடம் உள்ள குற்றத்தைக் கூறாமல், பட்டவளிடம் எது அழிந்தது என்று அது கணக்குச் சொல்கிறது. அழியாத ஒன்றை அழிந்தது என்றும் சாதிக்கிறது. பாலியல் வன்கொடுமை என்று செய்தித்தாள்கள் இன்று எழுதுகின்றன. நம் கட்டுரை ஏடுகளில் பழைய சொல்லை மாணவர் எழுதினால் சிவப்பு மையால் திருத்த வேண்டும். சந்திப் பிழையைத் திருத்துகிறோம் அல்லவா?

எதிர்வாதம் ஒன்றை நான் மறைக்கக் கூடாது. எச்சரிக்கை சொல்வதே குற்றமா என்று கேட்பர். குற்றமில்லை. லாரி வரும் பாதையில் ஓரமாய் நட என்று பிள்ளைக்குச் சொல்கிறோம். ஆனால் லாரி மோதிய பிறகு முதல் வினா, பிள்ளை ஏன் பாதையில் நடந்தது என்பதாயிருந்தால், ஓட்டுநர் அங்கிருந்து நழுவிப் போய்விடுவார். எச்சரிக்கைக்கு உரிய காலம் முன்னே. முறை செய்யும் நேரத்தில் அதனைத் தூக்கி நடுவில் வைத்தால் அது குற்றவாளிக்குத் துணையாகிறது. தொல்காப்பியர் சொன்ன காலம், களன் என்னும் உறுப்புகள் இங்கும் வேண்டியிருக்கின்றன.

ஒரு வாரம் கழித்து அந்த அன்பரை நான் தேடிச் சென்றேன். அவர் முதல் வினாவுக்கு விடை கடனாக இருந்தது. இருவரும் பால்மரக் காலத்துப் பிள்ளைகள். “உங்கம்மா காலையில எத்தனை மணிக்கு மரத்துக்குப் போவாங்க?” என்று கேட்டேன். “பெரட்டு முடிஞ்சதும்தான், அஞ்சு, அஞ்சரை இருக்கும் ஐயா. கும்மிருட்டு. தலையில வெளக்கக் கட்டிக்கிட்டுப் போவாங்க” என்றார். என் தாயும் அவ்வாறே போனார். நிரைக்கு நிரை ஒரு பெண், கூப்பிட்டால் கேட்காத தொலைவில். தோட்டத்திற்கு ஜாகா இருந்தார். அவர் காத்தது ஸ்டோரையும் ரப்பர் ஷீட்டையும். இருட்டில் அந்தப் பெண்கள் ஏன் போனார்கள் என்று எந்தக் கிராணியும் எந்தத் துரையும் கேட்டதில்லை, போகாவிட்டால்தான் கேட்டார்கள். பால் வேண்டியிருந்தபோது இருட்டு ஒரு பொருட்டாக இல்லை. படிப்புக்கு என்று வந்தபோதுதான் நமக்கு மணி தெரிகிறது. அன்பர் ஒன்றும் பேசவில்லை. அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தவர் அதைக் கீழே வைத்தார்.

மகளுக்கு இடம் கிடைத்தது, தெற்கே வேறொரு மாநிலத்தில். சேர்க்கும் நாளில் என்னையும் வரச் சொன்னார். ஒரே காரில் போனோம். பதிவெல்லாம் முடிந்து மாலை மங்கிய பின், நூலகத்திலிருந்து பெண்கள் விடுதி வரைக்கும் உள்ள பாதையில் மூவரும் நடந்து பார்த்தோம். பத்து நிமிட நடை. வழியில் விளக்குக் கம்பங்கள் பதினொன்று, மூன்று எரியவில்லை. மூன்றும் அடுத்தடுத்து, மரங்கள் அடர்ந்த திருப்பத்தில். விடுதி அலுவலகத்தில் இருந்தவரிடம் சொன்னோம். நல்ல மனிதர். அந்தப் பக்கம் இருட்டிய பிறகு போகவேண்டாம் என்று பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள் என்றார். நான் வாயெடுக்கும் முன்பே அன்பர் மலாயில், மிகப் பணிவாக, “விளக்கை என்றைக்கு மாற்றுவீர்கள்?” என்று கேட்டார். அலுவலர் சற்று விழித்துவிட்டு ஒரு புத்தகத்தை எடுத்தார். கம்பத்தின் எண்களைக் கேட்டார். எங்களுக்குத் தெரியவில்லை. அந்தப் பெண் எழுந்து, பார்த்து வருகிறேன் அப்பா என்று சொல்லிவிட்டு, கைப்பேசி வெளிச்சத்தோடு வெளியே போனாள். நாங்களும் பின்னால் போனோம்.